தொண்ணூற்றொன்பது கேம்

17-15, 6-8, 6-3, 16-18, 6-4.

இந்த ஐந்து ஜோடி எண்களை நிதானமாக, ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். 1974 மே மாதம், கல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரை. டேவிஸ் கோப்பை கிழக்கு மண்டல இறுதிச் சுற்று. ஒரு பக்கம் சென்னையின் அண்ணன் தம்பி, ஆனந்த் அம்ரித்ராஜும் விஜய் அம்ரித்ராஜும். எதிரே ஆஸ்திரேலியாவின் ஜான் அலெக்சாண்டரும் காலின் டிப்ளியும். இரட்டையர் ஆட்டம் அண்ணன் தம்பி பக்கம் முடிந்தபோது ஸ்கோர் அட்டையில் நின்ற எண்கள் இவை. கூட்டிப் பார்த்தால் 99 கேம்.

முதல் செட்டையே எடுத்துக்கொள்வோம். 17-15 என்றால் 32 கேம். 6-4 என்று முடிகிற சராசரி செட்டுகள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆடினாலும் 30 கேம்தான் வரும். இரட்டையரில் நான்கு பேரும் முறை வைத்து சர்வீஸ் போடுவார்கள். ஆக, அந்த ஒரு செட்டில் மட்டும் ஆளுக்கு எட்டு முறை சர்வீஸ். ஆட்டம் 15-15 வரை வந்து நின்று, அடுத்த இரண்டு கேமையும் இந்தியர்கள் எடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டில் ஒன்று கட்டாயம் ஆஸ்திரேலியர்களின் சர்வீஸ். முப்பது கேம் வரை எட்டாக் கனியாக இருந்தது முப்பத்தொன்றிலோ முப்பத்திரண்டிலோ கைக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது செட் 6-8. போயிற்று. மூன்றாவது 6-3. எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த எண் இதுதான். சுற்றிலும் மலை மலையாக நிற்கிற செட்டுகளுக்கு நடுவே ஒன்பதே கேமில் முடிந்த ஒரு சின்ன செட். இருவரும் மூச்சு வாங்கிக்கொண்ட இடம் அது ஒன்றுதான். ஏனென்றால் நான்காவது செட் 16-18. அதாவது 34 கேம் ஆடி, தோற்றுப் போனார்கள். டென்னிஸின் கொடுமையே இதுதான். 34 கேம் போராடித் தோற்ற செட்டும் 0-6 என்று வாரிக்கொடுத்த செட்டும் கணக்கில் ஒன்றுதான்: ஒரு செட் போச்சு. 89 கேம் ஆடி, ஆளுக்கு இரண்டு செட் என்று சமமாக நின்று, கல்கத்தாவின் மே மாத வெயிலில் ஐந்தாவது செட்டுக்கு நடந்து போவதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும்? 6-4. பத்தே கேம். முடித்துவிட்டார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐந்து செட்டிலும் இந்தியர்கள் எடுத்த கேம்களைக் கூட்டினால் 51. ஆஸ்திரேலியர்கள் எடுத்தது 48. தொண்ணூற்றொன்பதில் வித்தியாசம் மூன்று.

அந்த மோதல் முழுவதுமே அப்படித்தான் நடந்தது. ஒற்றையரில் அலெக்சாண்டர் விஜய்யை 14-12, 17-15, 6-8, 6-2 என்று வென்றார். இந்தியாவின் ஜஸ்ஜித் சிங், ஆஸ்திரேலியாவின் பாப் கில்டினனை 11-9, 9-11, 12-10, 8-6 என்று சாய்த்தார். கடைசி நாளில் ஆளுக்கொரு ஆட்டம் போக, இந்தியா 3-2 என்று வென்றது. ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 327 கேம். டேவிஸ் கோப்பையில் ஒரு மோதலுக்கு அதுவே சாதனை. இனி யாரும் அதைத் தொடப் போவதில்லை. டேவிஸ் கோப்பையில் டை-பிரேக் வந்தது 1989இல், ஐந்தாவது செட் மட்டும் நீங்கலாக. அதற்குப் பிறகு மற்ற செட்டுகளில் 6-6 ஆனதும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இன்றைய ஏடிபி இரட்டையர் சுற்றிலோ மூன்றாவது செட்டே கிடையாது; அதற்குப் பதில் 10 புள்ளி மேட்ச் டை-பிரேக். டியூஸ் ஆனால் அடுத்த புள்ளியே கேம். 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும், இருவரும் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், ஏடிபி இரட்டையர் பட்டம் வென்றார்கள். அந்த இறுதி ஆட்டமும் மேட்ச் டை-பிரேக்கில்தான் தீர்ந்தது. அதற்கும் நெஞ்சு உரம் வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 16-18 என்று தோற்றுவிட்டுத் திரும்பி வருகிற அந்தப் பெருநடை இனி யாருக்கும் வாய்க்காது.

நான் வளர்ந்த பெண்ணாடத்தில் பந்தும் மட்டையும் என்றால் பூப்பந்துதான். கம்பளி நூலில் செய்த மஞ்சள் பந்து, மரச்சட்ட மட்டை, செம்மண் தரையில் சுண்ணாம்புக் கோடு. ஐந்து பேர் அணியாகவும் ஆடுவார்கள், இருவராகவும் ஆடுவார்கள். பூப்பந்தில் பந்து தரையில் படவே கூடாது. பட்டால் புள்ளி போயிற்று. அதனால் பூப்பந்து பார்த்து வளர்ந்த கண், டென்னிஸ் இரட்டையரைப் பார்த்தால் அந்நியமாக உணராது. நெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, விழுவதற்கு முன்பே பந்தை வாங்கி அடிக்கிற வாலி ஷாட்டும், இருவருக்கும் நடுவே வரும் பந்துக்கு யார் போவது என்பதற்கு ஒரு நொடிக்குள் வரும் “எனக்கு!” என்ற குரலும் நமக்குப் பழகியவை. ஒற்றையர் டென்னிஸ்தான் எனக்குப் புதிதாக இருந்தது. ஒரே ஆள், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல், பேஸ்லைனில் இங்குமங்கும் ஓடிக்கொண்டே இருப்பார்.

இரட்டையர் கோர்ட் 36 அடி அகலம். ஒற்றையர் கோர்ட் 27 அடி. பக்கத்துக்கு நான்கரை அடிப் பட்டை ஒன்று கூடுகிறது. கோர்ட் பெரிதாகிவிட்டதே என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஆளுக்கு 18 அடிதான் வருகிறது. காலி இடம் குறைந்து போகிறது. பந்தைப் போட ஓட்டை தேட வேண்டியிருக்கிறது. நெட்டோ இரண்டு கம்பங்களின் பக்கம் மூன்றரை அடி உயரம், நடுவில் மூன்றடி. அந்த அரையடித் தாழ்வுதான் இரட்டையர் ஆட்டத்தின் ரகசிய வாசல். நடுவே போட்டால் நெட் தாழ்ந்திருக்கிறது. எதிரே நிற்கும் இருவருக்கும் யார் எடுப்பது என்ற குழப்பமும் சேர்ந்து வருகிறது. நல்ல இரட்டையர் ஜோடியை ஒரு மணி நேரம் பார்த்தால், ஆர்ப்பாட்டமான ஓரக்கோட்டு அடிகளைவிட நடுவில் தாழப் போகிற, காலடியில் விழுகிற பந்துகளே அதிகம் இருப்பது தெரியும்.

அந்தக் காலடிப் பந்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எதிராளி சர்வீஸ் போட்டுவிட்டு நெட்டை நோக்கி ஓடி வருகிறார். ரிட்டர்ன் அடிப்பவர் அவருடைய பாதத்துக்குப் பக்கத்தில் பந்தை இறக்குகிறார். அவர் குனிந்து, மட்டையைத் தரையோடு சாய்த்து, பந்தை மேலே தூக்க வேண்டியிருக்கிறது. தூக்கிய பந்து நெட்டுக்கு மேலே வருகிற கணத்தில், ரிட்டர்ன் அடித்தவரின் பார்ட்னர் ஒரு எட்டு குறுக்கே வந்து அடித்து முடிக்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. கைதட்டு முடித்தவருக்குத்தான். புள்ளியைச் செய்தவர் இரண்டு அடி பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். ஸ்கோர் அட்டையிலும் சரி, மறுநாள் பத்திரிகைப் படத்திலும் சரி, அவருக்கு இடம் இருக்காது.

ரிட்டர்ன் நிற்கும் பக்கமும் மாறாது. ஒரு செட் முழுக்க ஒருவர் வலப்பக்கத்து சர்வீஸை மட்டுமே வாங்குவார், மற்றவர் இடப்பக்கத்தை மட்டுமே. அந்த 16-18 செட்டை நினைத்துப் பாருங்கள். 34 கேமில் பதினேழு கேம் எதிராளி சர்வீஸ். பதினேழு கேமும் ஒரே மூலையில் நின்று, ஒரே கோணத்தில் வருகிற பந்தை வாங்கி, அது வெற்றிக்குப் போதாமல், செட்டையும் விட்டுக்கொடுத்து, அடுத்த செட்டுக்கு மறுபடி போய் நிற்க வேண்டும்.

நெட்டில் நிற்கும் பார்ட்னர் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரல்களை விரிப்பதும் மடக்குவதும் இன்னொரு அழகு. பந்து வந்ததும் குறுக்கே பாய்கிறேன், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்று சர்வீஸ் போடுகிறவருக்குச் சேதி. எதிராளிக்கு அது தெரியாது. பின்னால் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். எங்கள் ஊர் பிரளயகாலேசுவரர் கோயில் விமானம் தூங்கானை மாடம். படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைந்த அந்த வடிவம் முன்வாசலில் நிற்பவருக்குப் பிடிபடாது; பிராகாரத்தில் பின்பக்கம் சுற்றி வந்தால்தான் கண்ணில் விழும். இரட்டையர் டென்னிஸையும் பின்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் ருசி. டிவி கேமராவைக் கோர்ட்டின் பின்கோட்டுக்கு மேலே வைத்திருப்பது நமக்கு நல்லதாகப் போயிற்று.

ஆனந்த் அம்ரித்ராஜுக்கு வருவோம். 1952 மார்ச் 20 அன்று சென்னையில் பிறந்தவர். மூன்று சகோதரர்களில் மூத்தவர். விஜய் 1953இல், அசோக் 1956இல். மூவரும் விம்பிள்டனில் ஆடியவர்கள். அசோக் 1974இல் விம்பிள்டன் ஜூனியர் இறுதி வரை போய், பின்னர் ஹாலிவுட்டில் படத் தயாரிப்பாளரானார். விஜய்யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓபனிலும் ஒற்றையர் கால் இறுதி, ஜேம்ஸ் பாண்ட் படம், வர்ணனைக் குரல், 2024இல் சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றத்தில் இடம். இப்படி ஒரு தம்பியும் அப்படி ஒரு தம்பியும் வாய்த்த அண்ணனை உலகம் எப்படிக் கூப்பிடும்? “விஜய்யோட அண்ணன்.” ஆனந்த் ஒற்றையரிலும் முதல் நூறு இடங்களுக்குள் இருந்தவர், இரட்டையரில் பத்துக்கும் மேற்பட்ட பட்டங்கள் எடுத்தவர் என்பதெல்லாம் அந்தக் கூப்பிடலுக்குள் அடங்கிப் போயிற்று. எனக்கு அதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. இரட்டையர் ஆட்டக்காரருக்கு அமைகிற இயல்பான இடம் அது. காலடியில் பந்தை இறக்கிவிட்டு இரண்டு அடி பின்னால் நிற்பவரின் இடம்.

1976இல் அண்ணன் தம்பி விம்பிள்டன் இரட்டையர் அரை இறுதிக்குப் போனார்கள். மர மட்டைக் காலம். ஐந்து செட் ஆட்டம். விம்பிள்டன் ஆண்கள் இரட்டையரை மூன்று செட்டாகச் சுருக்கியது 2023இல்தான். அவர்களுக்குப் பிறகு ஓர் இந்திய ஜோடி அந்தக் கோப்பையையே தூக்கியது 1999இல், லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும். பூபதி சென்னையில் பிறந்தவர். பயஸ் கல்கத்தாக்காரர், ஆனால் டென்னிஸ் படித்தது சென்னையில், அம்ரித்ராஜ் குடும்பம் பிரிட்டானியா நிறுவனத்துடன் சேர்ந்து 1980களின் நடுவில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில். ‘பேட்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1990இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தோடு அங்கிருந்து வெளியே வந்த பையன், பின்னாளில் நெட்டுக்குப் பக்கத்தில் உலகிலேயே வேகமான கைகள் என்று பெயர் வாங்கினார். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் பயஸ்–பூபதி ஜோடி 1997, 1998, 1999, 2002, 2011 என்று ஐந்து முறை சென்னை ஓபனை வென்றதை நேரில் பார்த்தவர்கள் இன்னமும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

இந்தியாவின் டேவிஸ் கோப்பை வரலாற்றைக் கிளறினால் ஒரு விசித்திரம் தட்டுப்படும். மூன்று முறை இறுதிக்குப் போயிருக்கிறோம். 1966இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 1-4. அந்த ஒரே ஒரு புள்ளியை எடுத்தது இரட்டையர்தான். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும், ஜான் நியூகோம்ப்–டோனி ரோச் ஜோடியை அவர்கள் ஊரிலேயே வீழ்த்தினார்கள். நியூகோம்ப்–ரோச் அப்போது உலகின் தலைசிறந்த ஜோடிகளில் ஒன்று. 1974இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் புனேயில் சோவியத் யூனியனையும் தாண்டி இறுதிக்குப் போனோம். எதிராளி தென் ஆப்பிரிக்கா. நிறவெறி அரசோடு ஆடுவதில்லை என்று இந்தியா ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தது. கோப்பை ஆடாமலே தென் ஆப்பிரிக்காவுக்குப் போனது. அந்த 99 கேமுக்கும் கிடைத்த பலன் அது. அன்றும் இன்றும் அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் 22 வயது ஆனந்துக்கும் தம்பி விஜய்க்கும் அந்த வருடக் கடைசி எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது 1987 டிசம்பர், சுவீடனின் கோத்தன்பர்க். உள்ளரங்கத்தில் களிமண் தரை போட்டு வைத்திருந்தார்கள். புல்தரைக்காரர்களுக்கு அதைவிடக் கொடிய வரவேற்பு கிடையாது. 0-5 என்று தோற்றோம். அந்த ஐந்து ஆட்டங்களிலும் இந்தியா எடுத்த செட் ஒன்றே ஒன்று. அதுவும் இரட்டையரில்: மாட்ஸ் விலாண்டர்–யோக்கிம் நைஸ்ட்ரோம் ஜோடிக்கு எதிராக இரண்டாவது செட், 6-3. ஆடியவர்கள் ஆனந்தும் விஜய்யும். ஆனந்துக்கு அப்போது 35 வயது, விஜய்க்கு 34. முதல் இறுதியில் ஒரு புள்ளி, கடைசி இறுதியில் ஒரு செட், இரண்டுமே நடுநாள் இரட்டையர் ஆட்டத்தில். வழக்கமாக வெள்ளி, ஞாயிறு ஒற்றையருக்கு; நடுவில் சனிக்கிழமை இரட்டையருக்கு என்பது அந்நாளைய டேவிஸ் கோப்பை முறை.

2013 டிசம்பரில் ஆனந்த் இந்திய அணியின் விளையாடாத கேப்டனாக வந்தார். வழக்கமான பயிற்சியை ஜீஷான் அலி பார்த்துக்கொண்டார். ஆனால் டேவிஸ் கோப்பையில் ஒரு தனிச் சலுகை உண்டு. மற்றப் போட்டிகளில் ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது என்றிருந்த காலத்திலும், டேவிஸ் கோப்பையில் கேப்டன் கோர்ட்டுக்கு உள்ளேயே, அம்பயர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரலாம். பக்கம் மாறும்போது வீரர்கள் வந்து உட்காருகிற 90 விநாடியில் அவர்களோடு பேசலாம். ஒற்றையர் வீரருக்கு இது ஒரு அபூர்வ அனுபவம். தனியாகப் பேசியே பழகியவர் திடீரென்று இன்னொரு குரலைக் கேட்க வேண்டியிருக்கிறது. இரட்டையர்காரர்களுக்கோ பேசுவதே பிழைப்பு. புள்ளிக்குப் புள்ளி பேசிக்கொள்பவர்கள். அந்த நாற்காலியில் இன்னொரு இரட்டையர்காரர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் ஒருவர் பேச்சில் சேர்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

அந்த 90 விநாடியில் என்னதான் சொல்லிவிட முடியும்? நிறையச் சொல்லலாம். எதிராளியில் யாருடைய இரண்டாவது சர்வீஸ் தளர்கிறது, யார் தோளை இறக்கிவிட்டார், லாப் போட்டால் யார் திணறுகிறார், குறுக்கே பாய்வதைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாமா. செட் முடிந்தால் இன்னொரு ஆயுதமும் கைக்கு வருகிறது. புதிய செட்டில் யார் முதலில் சர்வீஸ் போடுவது, யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் நிற்பது என்பதை மாற்றிக்கொள்ளலாம். வெயில் கண்ணில் அடிக்கிற பக்கம் யார் சர்வீஸ் போடுவது என்பதுகூட அந்த முடிவில்தான் அடங்கியிருக்கிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. ஒரு மனிதர் இரண்டு பேரிடம் குனிந்து பேசுகிறார், துண்டால் முகம் துடைக்கிறார்கள், எழுந்து போகிறார்கள்.

2014 செப்டம்பர், பெங்களூரு. எதிரே செர்பியா, ஜோகோவிச் வரவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு ஒற்றையரும் போய் இந்தியா 0-2. சனிக்கிழமை இரட்டையர் தோற்றால் எல்லாம் முடிந்தது. பயஸும் ரோஹன் போபண்ணாவும் நேநாத் சிமோனிச்–இலியா போசோல்யாக் ஜோடிக்கு எதிராக இறங்கினார்கள். சிமோனிச் இரட்டையரில் உலக முதல் இடத்தில் இருந்தவர். முதல் செட் 1-6. இரண்டாவது 6-7. பயஸுக்கு 41 வயது. மோதலிலும் இரண்டு பின்னால், ஆட்டத்திலும் இரண்டு செட் பின்னால். அப்புறம் 6-3, 6-3, 8-6.

இந்த ஸ்கோரையும் வாசிக்கிற முறையில் வாசிக்க வேண்டும். 1-6 என்பது அடி வாங்கியது. 6-7 என்பது அடி வாங்கினாலும் எழுந்து நின்றது. தோற்ற செட்டுகளிலேயே எனக்கு மதிப்பு அதிகம் இதற்குத்தான். அதற்குப் பிறகு வந்த இரண்டு 6-3களும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். எதிராளி சர்வீஸை முறித்தல், அந்த முன்னிலையைக் கட்டிக் காப்பாற்றுதல்; மறுபடி அதே. ஐந்தாவது செட்டுக்கு அப்போது டை-பிரேக் கிடையாது; 8-6. கேம்களைக் கூட்டினால் இந்தியா 27, செர்பியா 25. வித்தியாசம் இரண்டு. கல்கத்தாவில் மூன்று, இங்கே இரண்டு. நடுவில் சரியாக நாற்பது வருடம். அங்கே மட்டையோடு நின்றவர் இங்கே நாற்காலியில் இருந்தார். மறுநாள் சோம்தேவ் தேவ்வர்மன் வென்று 2-2 ஆக்கினார். யூகி பாம்ப்ரி தோற்க, செர்பியா 3-2 என்று தப்பியது. தோற்ற மோதல்தான். ஆனால் ஆனந்த் காலத்து இரட்டையர்களில் எதைத் திரும்ப முழுசாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், வென்ற மோதல்களை விட்டுவிட்டு இந்தச் சனிக்கிழமையைத்தான் கேட்பேன்.

அடுத்த வருடம் டெல்லியில் செக் குடியரசோடு ஆடியபோது இதற்கு நேர்மாறு. பயஸும் போபண்ணாவும் நேர் செட்களில் தோற்றார்கள். எதிரே நின்றவர் ராடெக் ஸ்டெபானெக், கூட ஒரு இளைஞர் ஆடம் பாவ்லாசெக். ஸ்டெபானெக் யார்? 2012 ஆஸ்திரேலிய ஓபனையும் 2013 அமெரிக்க ஓபனையும் பயஸோடு சேர்ந்து வென்றவர். முதுகுக்குப் பின்னால் பயஸ் விரலை விரித்தால் என்ன அர்த்தம், மடக்கினால் என்ன அர்த்தம் என்று உலகத்தில் நன்றாகத் தெரிந்த ஒரு சிலரில் ஒருவர். கூட்டாளியாக இருந்தவன் எதிராளியாக வந்தால் அதைவிட ஆபத்து இல்லை. இரட்டையர் டென்னிஸில் இந்த வம்பு அடிக்கடி நடக்கும். ஜோடிகள் சீட்டுக்கட்டு போல மாறிக்கொண்டே இருப்பார்கள். அண்ணன் தம்பி ஜோடிக்கு அந்தக் கவலை கிடையாது. 2016இல் ஸ்பெயின் வந்தபோது ரஃபேல் நடாலும் மார்க் லோபஸும், ஒரு மாதம் முன்பு ரியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்ற கையோடு, பயஸ்–சாகேத் மைனேனி ஜோடியிடம் ஒரு செட்டை விட்டுக்கொடுத்துத்தான் தப்பினார்கள்.

ஆனந்தின் மகன் ஸ்டீபனும் அதே வழி. இரட்டையர் ஆட்டக்காரராக இருந்து, ஆட்டத்தை நிறுத்திய பிறகு அமெரிக்காவில் பயிற்சித் துறைக்குப் போனார். 2019இல் அவர் மணந்தவர் அமெரிக்க வீராங்கனை அலிசன் ரிஸ்கி. அந்த வருட விம்பிள்டனில் ஆஷ்லி பார்ட்டியைத் தோற்கடித்துக் கால் இறுதி வரை போனவர் அவர்.

2017 பிப்ரவரி, புனே. நியூசிலாந்தோடு மோதல். இதோடு ஆனந்தின் கேப்டன் பொறுப்பு முடிகிறது, அடுத்து மகேஷ் பூபதி வருகிறார் என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அதே ஆட்டத்தில் பயஸுக்கும் ஒரு கணக்கு காத்திருந்தது: டேவிஸ் கோப்பை இரட்டையரில் 42 வெற்றி எடுத்து இத்தாலியின் நிகோலா பியெத்ராஞ்செலியோடு சமமாக நின்றார், இன்னொன்று வென்றால் தனிச் சாதனை. சாகேத்துக்குக் காயம், விஷ்ணு வர்தன் கூட ஆடினார். முதல் செட்டை எடுத்தார்கள். பிறகு ஆர்ட்டெம் சிடாக்–மைக்கேல் வீனஸ் ஜோடி மூன்று செட்டை வரிசையாக எடுத்துக்கொண்டது. பயஸின் 43வது வெற்றி 2018 ஏப்ரலில் சீனாவில்தான் வந்தது, பூபதி கேப்டனாக இருந்தபோது, போபண்ணாவோடு.

புனேயில் இந்தியா 4-1 என்று வென்றது. யூகி இரண்டு ஒற்றையர் வென்றார். நம் சென்னையின் ராம்குமார் ராமநாதன் இரண்டு வென்றார். மோதலை இந்தியா பக்கம் முடித்து வைத்ததும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆட்டம்தான். தோற்ற அந்த ஒன்று இரட்டையர்.